விரல் பட்டா ஓடுதுங்க

மூன்று நாளாகக் காளிச்சாமியின் பிக்கப் வண்டி என் பட்டறையை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டி பழசு. பவர் ஸ்டீயரிங் அதோடு பிறந்ததில்லை. கோயமுத்தூரில் யாரோ ஒரு கெட்டிக்காரன் உடைப்புக்கு வந்த வேறொரு வண்டியிலிருந்து கழற்றி இதில் மாட்டியிருந்தான். இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது கோளாறு.

"விரல் பட்டாலே ஓடுதுங்க. நேராப் புடிச்சாலும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அலையுதுங்க" என்றார் காளிச்சாமி.

எனக்கு முன்கோபம் என்பது அன்னூர் முழுக்கத் தெரிந்த விஷயம். "இருவது வருஷம் டிராக்டர் ஓட்டுன கைங்ணா அது. ஸ்டீயரிங் மேல மல்லுக்கு நிக்காதீங்க, மெதுவாப் புடிச்சுப் பழகுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அதனால் வாங்குகிறவருக்கு வலி குறைகிறதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

வாய் அப்படியே தவிர, வேலையில் குறை வைக்கவில்லை. ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பம்பு பெல்ட்டை மாற்றினேன். டயரில் காற்றைச் சரிபார்த்தேன். முன் சக்கரங்களை நூல் பிடித்து நேராக்கினேன். ஸ்டீயரிங் பெட்டியின் திருகைக் கால் சுற்று இறுக்கினேன். ஒவ்வொன்று முடிந்ததும் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தேன். அந்த நெரிசலில் வண்டி சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாது.

"இப்ப எப்படிங்ணா?"

"இப்பத் தேவலீங்க."

மூன்று நாளும் இதே கேள்வி, இதே பதில். வியாழக்கிழமை காலை சாவியைக் கொடுத்தேன். மச்சான் தோட்டத்தில் முட்டைக்கோஸ் ஏற்ற ஆசனூர் போகிறேன் என்றார். ஆசனூர் என்றால் பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏற வேண்டும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பீடை தொலைந்தது என்று நான் சாமான்களை எடுத்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, அரை மணி கழித்து எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன்.

"ஏனுங்க, காளிச்சாமியண்ணன் வண்டி இன்னும் செரியாகலீங்களா?" என்றார் டீக்கடை சுப்பண்ணன்.

"ஆயிருச்சு. அவரே சொன்னாரு."

"உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவாரு. இப்பத்தான் இங்க உக்காந்து டீ குடிச்சுப்போட்டுப் போறாரு. 'அப்படியேதான் இருக்குது சுப்பண்ணா. மூணு நாள் பாடுபட்ட மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது, மொகம் சுண்டிப்போகும். மெதுவா ஓட்டிக்கறேன்'னாருங்க."

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நோயை மறைத்தால் வைத்தியம் எப்படிப் பார்ப்பது? அப்புறம்தான் மலை ஞாபகம் வந்தது. அந்த வண்டி மலை ஏறுவது ஒரு பக்கம், இரண்டு டன் கோஸை அடைத்துக்கொண்டு இறங்கப்போகிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவரிடம் போன் கிடையாது. கிளாஸை வைத்துவிட்டு என் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன்.

புளியம்பட்டியில் சந்தை நாள். ரோடு நிறைய மாடு. ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு தரகர் என்னைத் திட்டினார், நானும் திரும்பத் திட்டினேன். அதைத் தாண்டியதும் ஒவ்வொரு புளியமரமாகப் பார்த்துக்கொண்டு போனேன், எதிலாவது காளிச்சாமியின் வெள்ளை வண்டி மோதி நிற்கிறதா என்று. பெல்ட்டா, ஆயிலா, திருகா என்று மனசு திரும்பத் திரும்ப அதே ஐந்து வேலையைச் செய்து பார்த்தது. எதுவும் தப்பில்லை. அப்புறம் என்ன எழவுதான் அதற்கு?

சத்தியமங்கலம் ஆற்றுப்பாலத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. 'இப்ப எப்படி' என்று நான் கேட்ட விதத்தில், அந்த மனிதருக்கு 'தேவலீங்க' என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல இடமில்லை. நான் கேட்கவே இல்லை, மிரட்டியிருக்கிறேன்.

மலை ஏறுகிறவர்கள் யாரும் பண்ணாரியில் நிற்காமல் போவதில்லை. அம்மன் புண்ணியம், கோயில் எதிரில் அந்த வண்டி நின்றது. நூறடி தள்ளி வரும்போதே கோளாறு கண்ணில் பட்டுவிட்டது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது வண்டி. பட்டறையில் நின்ற நேரமெல்லாம் முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றியே வைத்திருந்தேன். அது சமதரையில் எப்படி நிற்கிறது என்று நான் ஒருமுறைகூடத் தள்ளி நின்று பார்க்கவில்லை.

நேராகப் போய் வண்டிக்கு அடியில் படுத்தேன். பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு புது இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தது, பெயிண்டுகூட மங்கவில்லை. வெளியே வந்தபோது காளிச்சாமி நெற்றியில் அம்மன் கோயில் பிரசாதப் புற்றுமண்ணோடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பட்டை எப்பப் போட்டீங்க?"

"பதினஞ்சு நாளாச்சுங்க, பெருந்துறைல. லோடு சேத்தி ஏத்தலாம்னுதானுங்க."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"பட்டை போடலாமான்னு போன வருசம் கேட்டேனுங்க. அது வண்டியா, பொதி மாடான்னு சத்தம் போட்டீங்க."

போட்டேன்தான். அதை மறுக்க முடியவில்லை. கூடியவரை குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்வாக இருக்கிறது, அதனால்தான் கையை விட்டாலும் அது நேரே போகிறது. வண்டிக்கும் அந்தச் சாய்வு உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் சாய்வு போய்விடும், சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. சைக்கிள் வேகத்தில் அது தெரியாது, வேகம் எடுத்தால்தான் தெரியும். அதன் மேல் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தால் விரல் பட்டாலே ஓடத்தான் செய்யும். பட்டையைக் கழற்றினால் சரியாகிவிடும்.

"அப்ப எங்கையில கோளாறு இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்ணா."

அவர் முகம் தெளிந்தது. அப்போது மைசூர் பஸ் ஒன்று வந்து நின்றது. கும்பிட இறங்கியவர்களில் ஓர் அம்மாள் பையை இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தார். காளிச்சாமியின் மனைவி ராசாத்தாள். பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தபோது பார்த்திருக்கிறேன்.

"வண்டி மறுக்கா நின்னுபோச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க்கா. நீங்களும் ஆசனூர்தானுங்களா? வண்டி இருக்கறப்ப ஏனுங்க பஸ்ஸுல?"

"நானும் அதையேதானுங்க கேட்டேன். வண்டி செரியில்ல, ரெண்டு பேரும் ஒண்ணாப் போகவேண்டாம், புள்ளைங்களுக்கு ஒருத்தராச்சும் இருக்கோணும்னு பஸ்ஸுல ஏறச் சொல்லிப்போட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

காளிச்சாமி தரையைப் பார்த்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன். ஐம்பது வயதுக்குள் பல பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்ட அந்தக் கேள்விபோல எதுவும் என்னைச் சுட்டதில்லை. கையை நீட்டினேன். அவர் சாவியைக் கொடுத்தார்.

"நீங்களும் அக்காகூட பஸ்ஸுல ஏறுங்ணா. வண்டி எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

ஏறப்போனவர் திரும்பி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டை போட்டதைச் சொல்லாம உட்டுட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.