மஞ்சள் பாம்பு பச்சையான பத்து நாள்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் ஒரு கொய்யாமரம். அதன் கிளையில் அந்தப் பாம்பை முதலில் கண்டவள் வீரம்மா. கண்டதும் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவளும் அவள்தான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், பாம்பு ஓடவில்லை. கிளையில் சுருள் சுருளாகத் தொங்கி, நடுவில் தலையை வைத்துக்கொண்டு ஆற அமரக் கிடந்தது. உடம்பு முழுக்க மஞ்சள். முகத்துக்குப் பூசிக் குளிக்கிறோமே, அந்த மஞ்சள்.

அடிக்கலாமா விடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நல்லமுத்துக் கங்காணி வந்தார். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. எந்தக் கூட்டத்துக்கும் கடைசியாக வந்து, முதல் ஆளாகத் தீர்ப்புச் சொல்கிறவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"மஞ்ச பூசிக்கிட்டு மாரியாத்தாளே வந்திருக்கா. எவனும் கல்லெடுக்கக் கூடாது."

அவ்வளவுதான். கொய்யாமரம் கோயிலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை, ஒலிபெருக்கி, நோர்வூட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் கூட்டம். பாம்பு, வைத்த பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பூனைதான் தினமும் குடித்துக் கொழுத்தது. முதலில் கண்டவள் என்பதால் விளக்குப் போடுவதும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதும் வீரம்மாவின் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவளை யாரும் மதித்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கல்யாணத்துக்கு நாள் குறிக்கக்கூட அவளிடம் வந்து கேட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன?

ஆனி மாதத்தில் ஹட்டனில் இருக்கும் மகள் ரூபிகாவுக்குப் பிள்ளை பிறந்தது. விளக்கை நல்லமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு வீரம்மா பத்து நாள் அங்கே போய் இருந்தாள். பத்து நாளும் அடைமழை. மலையில் கால் வைத்தால் அட்டை மொய்த்தது; வெள்ளிக்கிழமைப் பூசைக்குக்கூட யாரும் போகவில்லை. தலைவர் நல்லமுத்து தம் வீட்டு வாசலில் நின்றபடியே கொய்யாமரத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

திரும்பி வந்த வீரம்மா நேரே மரத்தடிக்குத்தான் போனாள். அதே கிளை, அதே சுருள். ஆனால் பாம்பு பச்சை! ஓடிப்போய் நல்லமுத்துவைக் கூட்டிவந்து காட்டினாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிய நின்ற நூறு பேருக்கு முன்னால், நல்லமுத்து போட்டு உடைத்தார்.

"சாமியப் பாத்துக்கன்னு குடுத்தா, கொண்டுபோயி ஹட்டன்ல வித்துட்டு, ஏதோ காட்டுப் பாம்பப் புடிச்சாந்து தொங்கவிட்டிருக்கா. புது கேஸ் குக்கர் எங்கேயிருந்து வந்துச்சாம்?"

"மருமகன் வாங்கிக் குடுத்ததுங்க" என்றாள் வீரம்மா. யார் நம்பினார்கள்?

"சரி, நெறம் மாறிச்சுன்னே வச்சுக்குவோம். பாம்பு மாறணும்னா சட்டை உரிக்கணும்ல? மரத்தடியில சட்டை எங்க?" என்றார் நல்லமுத்து.

அங்கேதான் எல்லாரும் மடங்கிப்போனார்கள். தேயிலைச் செடியில் பாம்புச் சட்டை பார்க்காதவர் அந்தத் தோட்டத்தில் கிடையாது. வீரம்மாவும் மரத்தைச் சுற்றித் தேடியிருந்தாள். ஒரு துண்டுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அதற்கு மேல் அந்த ஊரில் கோர்ட்டும் இல்லை, அப்பீலும் இல்லை.

"இது அதே பாம்புதான்னு அடிச்சுச் சொல்லு. விட்டுர்றோம்" என்றார் நல்லமுத்து.

வீரம்மா கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"நான் எடுக்கல, விக்கல. அதுக்கு ஆயிரம் கற்பூரம் அணைக்கிறேன். ஆனா இது அதே பாம்பான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுக்கு எப்பிடிச் சத்தியம் பண்றது?"

பிழைக்கத் தெரியாதவள்! ஒரு அடி அடித்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியிருக்கலாம். கூட்டம் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது. மறுநாள் முதல் கொழுந்து மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில் தனியாகக் குந்தியிருந்தாள். களவாணி என்று பேர் வாங்கியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அழுகையை அடக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொய்யாமரத்தின் அடியில் போய் நின்று பாம்பை முறைத்தாள்.

கொழுந்தின் பச்சைக்கும் முற்றல் இலையின் பச்சைக்கும் வித்தியாசம் பார்த்தே தேய்ந்த கண் அது. பாம்பின் விலாவில் சின்னச் சின்னதாக மஞ்சள் செதில்கள் தெரிந்தன. எண்ணினாள். பதினொன்று. போனில் படம் பிடித்தாள். திங்கட்கிழமை ஏழு. செவ்வாய்க்கிழமை நாலு. எல்லாப் படத்தையும் ரூபிகாவுக்கு அனுப்பினாள். ரூபிகா அவற்றைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். புதன்கிழமை மத்தியானம், அதைப் பார்த்துவிட்டு வனஜீவராசி இலாகாவின் ஜீப் தோட்டத்துக்குள் வந்து நின்றது.

வந்த அதிகாரிக்குச் சிங்களம்தான் வரும். தோட்டத்தில் நல்லமுத்துவை மிஞ்சிச் சிங்களம் பேச ஆளில்லை. அவரே மொழிபெயர்க்க முன்னால் வந்தார். அதிகாரி பாம்பைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகிக் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிஷம் பேசினார்.

நல்லமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "வெசமில்லாத பாம்பாம். கொண்டுபோறாங்களாம்."

"அம்புட்டு நேரம் பேசுனாரு, இம்புட்டுத்தானா?" என்றாள் வீரம்மா. "கஹன்னாரு, கொளன்னாரு. மஞ்ச, பச்சைன்னு எனக்கும் தெரியும். முழுசாச் சொல்லுங்க, தலைவரே."

"ஆமா, சொல்லுங்க" என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது.

நல்லமுத்து தொண்டையைச் செருமினார். "நம்ம நாட்டுப் பாம்பில்லையாம். நியூகினின்னு ஒரு தீவுக் காட்டுல இருக்கிற ஒரு வகை மலைப்பாம்பாம். எவனோ பணக்காரன் களவாக் கூட்டுல வச்சு வளத்தது தப்பிச்சு வந்திருக்கும்ங்கிறாரு. குட்டியில... மஞ்சளா இருக்குமாம். சிலது செங்கல் நெறமாம். ஒரு வயசு வாக்குல பச்சையாயிருமாம்."

"சட்டை?" என்றாள் வீரம்மா.

நல்லமுத்து வானத்தைப் பார்த்தார். "உரிக்கத் தேவையில்லையாம். செதிலு செதிலா அதுவா மாறிக்குமாம்."

வீரம்மா போனை நீட்டினாள். அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏகம தமய், ஏகம தமய்" என்று இரண்டு தரம் உரக்கச் சொன்னார். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அதேதான், அதேதான் என்பது சிங்களக் கடையில் சாமான் வாங்கும் எல்லாருக்கும் விளங்கும்.

பாம்பு துணிப்பைக்குள் போயிற்று. ஒருத்தி ஓடிப்போய்ப் பைக்கும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள். ஜீப் போனதும் நல்லமுத்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"சரி, வெசயம் தெரிஞ்சுபோச்சு. அதோட விட்டுரு, வீரம்மா."

"விட முடியாதுங்க. எங்க வச்சுச் சொன்னீங்களோ, அங்க வச்சுத் திருப்பிச் சொல்லுங்க."

மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஒரு ஆளும் பிந்தவில்லை. நல்லமுத்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க" என்றாள் கடைசி வரிசையில் நின்ற வீரம்மா.

கொஞ்சம் கூட்டிச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியது.

"பின்னால கேக்கலீங்க, தலைவரே."

நல்லமுத்துவுக்குக் காது சிவந்தது. தலையை நிமிர்த்தி, கீழே ஆற்றங்கரை லயம்வரைக்கும் கேட்கும்படி கத்தினார்: "வீரம்மா களவெடுக்கல! நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்!"

சிரிப்பு நின்றுபோயிற்று. வீரம்மாவுக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இப்பக் கேட்டுச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் மலை ஏறினாள்.