கடைசித் தோப்புக்கு வரும் தண்ணீர்

ஹம்மாடிக்கு எழுபது தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று கேட்டால் சண்டைக்கு வருவார். பாலை நிலத்துத் திரா ஆற்றின் இந்த வளைவில், இடது கரையில் குடியிருப்பவர் இப்போது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தார் ரோடு வந்த வலது கரைக்கு எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். பேரீச்ச மரங்களை யார் பார்ப்பது என்று இவர் மட்டும் வீம்பாக நின்றுவிட்டார். மரங்கள் பதில் பேசாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு கரைக்கும் நடுவே வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். ஆடுகள், கழுதை, கல்யாண ஊர்வலம் எல்லாம் ஆற்றுக்குள்தான் நடந்து போகும். மேலே மலையடியில் அணையைத் திறந்தால்தான் அது ஆறு. மேல் தோப்புகள் எல்லாம் குடித்த மிச்சம்தான் இந்தக் கடைசித் தோப்புக்கு. மிச்சமானாலும், வந்துவிட்டால் பல நாளைக்கு யாரும் கடக்க முடியாது.

அன்று காலை கடற்கரை நகரமான அகாதிரிலிருந்து மகள் மஹ்ஜூபா வந்திருந்தாள். அங்கே மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை.

"ஒரு ராத்திரி தங்கினா என்னம்மா? ஆலை ஓடியா போயிடும்?"

"ஆலை ஓடாதுப்பா, என் வேலைதான் ஓடிடும்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, ஒரே ஒரு ராத்திரி. நாளைக்குப் பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன். அழுது நிறுத்தக் கூடாது."

"நான் எங்க அழுதேன்? நீதான் சின்ன வயசுல அழுமூஞ்சி."

ஹம்மாடிக்குத் தலைகால் புரியவில்லை. கம்பளியை எடுத்து வெயிலில் உதறினார். இரண்டு பேருக்கு மாவு பிசைந்து நாளாகிவிட்டதால் தண்ணீரை அதிகம் ஊற்றி, அதைச் சரிக்கட்ட மாவைக் கொட்டி, கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு ஆகிற ரொட்டி ஆயிற்று.

அப்போதுதான் போன் அடித்தது. மேல் வளைவில் இருக்கும் உம்பாரக்.

"ஹம்மாடி, தண்ணி வருது! எங்க மேல்கரைக்கு வந்துடுச்சுன்னு சேதி. கூவு!"

தண்ணீர் வரும் சேதி கிடைத்தால், அந்தந்த வளைவில் இருக்கிறவர் கரையில் ஏறிக் கீழ்ப்பக்கம் பார்த்துக் கூவ வேண்டும். அடுத்த வளைவுக்காரர் அதை வாங்கிக் கூவுவார். போன் வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆற்றுக்குள் வேலையாக இருப்பவர்களிடம் போனா இருக்கிறது? இந்த வளைவில் கூவும் முறை ஹம்மாடி வீட்டுக்கு.

அவர் கூவவில்லை. கூவினால் மகளுக்குக் கேட்கும். கேட்டால் இப்போதே பையைத் தூக்குவாள். கூவாவிட்டால் தண்ணீர் வந்து வழியை அடைக்கும். ஒரு ராத்திரி பல ராத்திரி ஆகும். காலையில் எழுந்ததும் வீட்டுக்குள் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் கேட்கும். அது போதும் அவருக்கு.

"யாருப்பா போன்ல?"

"உம்பாரக். அவன் கழுதைக்கு வயிறு சரியில்லையாம்."

டீயை ஊற்றினார். பாதி தட்டில் விழுந்தது. வெளியே ஆட்டு மணிச் சத்தம். அக்கரையிலிருந்து மேய்க்க வரும் இஜ்ஜாவின் ஆடுகள். இந்நேரம் அவள் ஆற்று மணலில் ஆள் உயரக் குழிக்குள் இறங்கி ஊற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். குழிக்குள் இருக்கிறவளுக்கு என்ன வருகிறதென்று எப்படித் தெரியும்?

மனசு கேட்கவில்லை. வெளியே ஓடினார்.

"தண்ணீ! தண்ணீ! தண்ணீ!"

குழியிலிருந்து இஜ்ஜாவின் தலை எழுந்தது. "கேக்குது, கேக்குது! ஏன் இப்படிக் கத்துற? நான் என்ன செவிடா?" என்று திட்டிக்கொண்டே ஆடுகளைக் கிட்ட இருந்த இந்தக் கரைக்கு விரட்டினாள்.

மஹ்ஜூபா வாசலில் நின்றாள். "கழுதைக்கு வயிறு சரியில்லையா?"

ஹம்மாடி மணலைப் பார்த்தார். "உன்னை நிறுத்தத்தான்மா. வேற எதுக்கு?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தோளைப் பிடித்து நின்றுவிட்டு, பையை எடுத்தாள். அக்கரை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

தண்ணீர் வரவில்லை. வெயில் சாயும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார். உம்பாரக் மறுபடி கூப்பிட்டான். "எங்க பள்ளத்துலயே நின்னுடுச்சுப்பா. மணல் குடிச்சிடுச்சு. இனி அடுத்த தடவைதான்."

இஜ்ஜா ஆடுகளோடு கால் நனையாமல் அக்கரைக்குப் போனாள். ஹம்மாடி ரொட்டியைப் பார்த்தார். ஒரு துண்டைப் பிய்த்து, திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

பஸ்ஸிலிருந்து மஹ்ஜூபா பேசினாள். "தண்ணி வந்துச்சாப்பா?"

வரவில்லை என்று சொன்னால் வழியிலேயே இறங்கினாலும் இறங்கிவிடுவாள். இறங்காவிட்டால் வழியெல்லாம் அழுவாள்.

"வந்துச்சும்மா. ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது."

"நல்லவேளை கூவினீங்க. மாட்டியிருப்பேன்."

"ஆமாம்மா. நல்லவேளை."

"ஆத்துச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்கப்பா."

ஹம்மாடி கையை நீட்டிப் போனை மணலின் பக்கம் காட்டினார்.

"ஒண்ணும் கேக்கலையே?"

"பஸ் சத்தத்துல எப்படிம்மா கேக்கும்? நல்லாக் கேளு" என்றார். அவள் வைக்கும்வரை கையை மடக்கவில்லை.