அப்பா அடிக்க அடிக்க

எடிட்டர் மாடிப்படியில் நின்றுகொண்டு அவளுக்கு ஃபோன் செய்தான். எடிட் அறைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. தயாரிப்பாளர் அம்மாளை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கவும் மனம் வரவில்லை. மறுமுனையில் ஒரு பெரிய எஞ்சின் இருமி ஓய்ந்தது. அவள் பேருந்து ஓட்டுநர். மதியச் சுற்றை முடித்து வண்டியைப் பணிமனைக்குள் விட்டிருந்தாள்.

"அக்கா, டிவிலேர்ந்து பேசறேன். உங்க பேட்டியை மொழிபெயர்த்துக்கிட்டிருக்கேன்."

"அட, நம்ம பேச்சு பேசறவங்களும் அங்க இருக்கீங்களா! சொல்லுங்க தம்பி."

"ஒரு இடத்துல, 'அப்பா அடிக்க அடிக்க நான் ஆடுவேன்'னு சொல்றீங்க. தட்டுக்கழியைத்தானே சொல்றீங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் ஃபோன் கரகரத்தது. "பின்ன, என்னையா அடிக்கிறாரு? எங்கப்பா ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டாரு. கட்டையில தாளம் அடிக்கறதைத்தான் சொன்னேன். ஏன், கேக்க ஒரு மாதிரியா இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. சும்மா உறுதி பண்ணிக்கலாம்னுதான்."

"நல்லா எழுதுங்க தம்பி. கடைக்கு வர்ற ஒருத்தரை விடாம சொல்லி வெச்சிருக்காரு, டிவில வரப்போறோம்னு."

அவன் அந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் ஒன்பது வருடங்களாக வேலை பார்க்கிறான். வாரம் ஒருவர் என்று சாதாரண மனிதர்களைப் பற்றிய அரை மணி நேர நிகழ்ச்சி அது. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் இந்த வாரம் வெட்டி ஒட்டுவதோடு மொழிபெயர்ப்பும் அவன் தலையில் விழுந்தது. முறைப்படி அவன் செய்தது இரண்டு வேலை. அவளிடம் சொன்னது ஒன்றைத்தான்.

இரண்டு நாள் படம் பிடித்திருந்தார்கள். அவளுடைய அப்பா தையற்காரர். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இரண்டு தையல் இயந்திரங்களைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, வேலை நேரம் போக மீதி நேரத்தில் அவள் பரதம் ஆடுவாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையை முன்னால் வைத்து, கையடக்கமான கழியால் அதில் தாளம் தட்டுவார். பெண் ஆடத் தொடங்கிய காலத்தில் தாளம் போட இந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை. ஒலிநாடாக்களைப் போட்டுப் போட்டுக் கேட்டு அவரே கற்றுக்கொண்டார். அது தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தட்டும்போது அவர் முகம் இறுகிவிடும். உதடு கோடாகிப் புருவம் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், கண் அவள் பாதத்தை விட்டு நகராது. மனக்கணக்குப் போடுகிறவனின் முகம் அது. தெரியாதவர்களுக்குக் கோபம் போலத்தான் இருக்கும்.

பேட்டியில் அவள் தன் முதல் மேடையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பதற்றத்தில் அப்பா தாளத்தை ஓட்டமாய் ஓட்டிவிட்டார். அவரைப் பிடிக்க அவள் ஓட, அவளைப் பிடிக்க அவர் இன்னும் ஓட, பதினைந்து நிமிட உருப்படி பத்து நிமிடத்தில் முடிந்துபோயிற்று. திரைக்குப் பின்னால் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு வாங்க நின்றார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவள் கண்ணில் நீர் முட்டி வழிந்தது. எடிட்டர் அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

தயாரிப்பாளர் அம்மாள் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. போன வருடம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது வீடு தேடி வந்து பார்த்தவள். முதலில் வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் நிதானமாகக் கேட்டாள்: ஒரு பெண் ஆடுகிறாள், அப்பா தாளம் போடுகிறார், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சரி, இதில் கதை எங்கே? பிறகு திரையில் நின்றுபோயிருந்த ஈரக் கண்களின் மேல் விரலை வைத்தாள். இவள் ஏன் அழுகிறாள்?

அழவில்லை, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று அவன் சொன்னான். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். சிரிப்பை வெட்டாமல் விட்டால் தெரியும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் அதற்குள் அடுத்த காட்சிக்குப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. ஆடியபடியே அவள் கொண்டை ஊசி கழன்றதா என்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் தடவிப் பார்த்த இடத்தில், விண்ணுலகை வணங்குகிறாள் என்று பின்னணிக் குரல் வந்தது. ஊசியைத்தான் தேடுகிறாள் என்று அவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்தக் குரலை எடுக்கவில்லை. பாம்பாட்டி மகுடி போன்ற ஏதோ ஒரு இசையை எங்கிருந்தோ கொண்டுவந்து அடியில் பரப்பினார்கள். இதையெல்லாம் அவன் பொறுத்துப் போனான். ஒன்பது வருடத்தில் பொறுத்துப் போவது கைவந்த வேலையாகியிருந்தது.

'அப்பா கட்டையில் தாளம் அடிக்க அடிக்க நான் ஆடுவேன்' என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். திரைக்கு அடியில் அது இரண்டு வரி வந்தது. ஒரு வரிக்குள் அடங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அம்மாள் 'கட்டையில்' என்ற சொல்லை எடுத்தாள், பிறகு 'தாளம்' என்பதையும் எடுத்தாள். இப்படி எழுதினால் வேறு அர்த்தம் வருகிறதே என்றான் அவன். அவள் நிஜமாகவே புரியாமல் அவனைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல் 'அடிக்க அடிக்க' என்பதுதானே, நீதானே சொல்லுக்குச் சொல் எனக்குச் சொன்னாய்? ஆமாம், அவன்தான் சொன்னான். அந்தப் பெண்ணிடமே ஃபோன் செய்து கேட்டேன் என்பது நாக்கு நுனியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தயாரிப்பாளர் அம்மாள் கேட்டது எளிய விஷயம். அந்தக் கழி, அவர் முகம், இவள் கால், இவள் கண். மாற்றி மாற்றி வர வேண்டும். அவன் வெட்டத் தொடங்கினான். சின்ன வயதில் அக்காவின் நாட்டிய வகுப்புக்கு வெளியே சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதியவன் அவன். கதவு இடுக்கு வழியாக வந்த தாளம் யாரும் கற்றுக்கொடுக்காமலே அவன் விரலில் ஏறியிருந்தது. கழி இறங்கும் இடத்தில் கால், அடுத்த தட்டில் இறுகிய உதடு, அதற்கடுத்ததில் நிறைந்த கண். பதினோரு வெட்டு. ஓட்டிப் பார்த்தபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. தயாரிப்பாளர் அம்மாள் அவன் தோளில் கையை வைத்து, இதுதான், இதுதான் என்றாள். அந்த ஒரு நிமிடம் அவன் பூரித்துப்போனான். பின்னால் மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு சமாதானம் அவனுக்குக் கிடைத்தது. அந்தப் பூரிப்புக்கு மட்டும் கிடைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி வந்தது. மனைவி துவைத்த துணிகளைச் சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினோரு வெட்டு வந்ததும் அவள் கை நின்றது.

"நெஜமாவே அடிச்சாரா அந்த ஆளு?"

"இல்ல. தாளம் போடறாரு."

"பாத்தா அப்படித் தெரியலையே."

அவன் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"உங்ககூட இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது," என்றாள் அவள். "உங்களுக்குமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் கோணலாக மடித்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பேருந்து ஓட்டுநரிடமிருந்து ஃபோன் வந்தது. சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து, மாடிப்படிவரை ஓடி எடுத்தான். அவள் குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது.

"தம்பி, அன்னைக்குக் கேட்டது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"பணிமனையில ஒருத்தி என்னைக் கட்டிப் புடிச்சு அழறா. இத்தனை வருஷம் எப்படித் தாங்கினேன்னு கேக்கறா. எங்க மேற்பார்வையாளர் ஏதோ உதவி அலுவலகம்னு நம்பர் எழுதிக் குடுக்கறாரு. அதாவது போகட்டும்னு விட்டுடலாம். நேத்து ரெண்டு அதிகாரிங்க விசாரிக்கக் கடைக்கே வந்துட்டாங்க. அப்பாவுக்கு இந்த ஊர்ப் பேச்சுல என்ன தெரியும்? இடுப்பு, தோள், நீளம், அவ்வளவுதான். அவங்க என்னென்னவோ கேக்க, மரியாதைக்கு எல்லாத்துக்கும் தலையாட்டியிருக்காரு, தம்பி. எல்லாத்துக்கும். கடையில ஆள் இருக்கறப்போ. நான் போய்ப் பேசி அனுப்பறதுக்குள்ள, தைக்கக் குடுத்த ஒரு அம்மா துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா."

அவன் மாடிப்படியில் உட்கார்ந்தான்.

"மூணு வாரத்துல எனக்கு மேடை இருக்கு. அப்பா கட்டையைத் தொடவே மாட்டேங்கறாரு. 'பதிவு பண்ணதைப் போட்டு ஆடிக்கோம்மா, நான் வந்து உக்காந்தா உனக்குத்தான் கேவலம்'ங்கறாரு." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சரியாத்தான் எழுதிக் குடுத்திருப்பீங்க. கேட்டுக்கிட்டுல்ல எழுதினீங்க. எவன் வெட்டித் தொலைச்சானோ."

வெட்டியது தான்தான் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. "நான் பேசிப் பாக்கறேன்க்கா," என்றான்.

பேசவும் செய்தான். ஃபோன் செய்து கேட்டதையும், அவள் சொன்னதையும், அதிகாரிகள் வந்துபோனதையும் சொன்னான். தயாரிப்பாளர் அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மேலிடத்தில் இரண்டு நாள் பேசி ஒரு முடிவு கொண்டு வந்தாள். இணையத்தில் இருக்கும் பதிவின் மொழிபெயர்ப்பில் 'தாளம்' என்ற சொல்லைச் சேர்த்துவிடலாம். படத்தைத் தொட முடியாது, வேறு நாடுகளுக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை அவனே உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சேர்த்தான். ஓட்டிப் பார்த்தான். சொல் வந்து போயிற்று. கழியும் உதடும் கண்ணும் முன்பு சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் விடுப்புப் போட்டுவிட்டுத் தையற்கடைக்குப் போனான். அவர் சாக்கட்டியால் ஒரு துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். வாடிக்கையாளர் என்று நினைத்து ஏதோ இரண்டு சொல்லை அந்த ஊர் மொழியில் சொன்னார்.

"ஐயா, நான் டிவிலேர்ந்து வர்றேன்," என்றான் தமிழில்.

அவர் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், முக்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு அவன் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க. ஃபோன்ல பேசினது நீங்களா? மக சொன்னா, நல்லவருன்னு."

அவன் உட்கார்ந்தான். தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "அந்த எழுத்தைச் சரி பண்ணிட்டோம், ஐயா," என்றான்.

"அவங்க எழுத்து எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நான் படத்தைத்தான் பாத்தேன். நாலு தடவ பாத்தேன். மொதத் தடவ என் மூஞ்சியைப் பாத்து நானே பயந்துட்டேன். 'நான் இப்படியாம்மா இருக்கேன், இத்தனை வருஷமா இந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டா ஆடினே'ன்னு அவகிட்டக் கேட்டேன். அவ அழுதா. நெஜமா அழுதா." மேசை மேலிருந்த நூல் துணுக்குகளை உள்ளங்கையால் ஓரமாகக் கூட்டினார். "நாலாவது தடவதான் கவனிச்சேன். வெட்டு எல்லாம் தாளத்துல விழுது. ஒண்ணுகூடப் பிசகல. இது தாளம் தெரிஞ்ச ஆளு செஞ்ச வேலைன்னு நெனச்சேன்."

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அது நான்தான், ஐயா," என்றான் அவன்.

அவர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது அந்த முகம் இறுகவில்லை. இறுகியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரியாதவன் செஞ்சிருந்தா, போறான்னு விட்டிருப்பேன்," என்றார் மெல்ல.

"மன்னிச்சிடுங்க" என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. எழுந்து, பாதிக் கோட்டில் நின்ற துணிக்கே திரும்பினார். கோட்டைத் தொடர்ந்து இழுத்து முடித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். இதுல நான் பேசினா நல்லா இருக்காது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே முக்காலுக்கு அவ வண்டி எதிர்ல வந்து நிக்கும். அதுலயே போங்க."

அவன் தெருவைக் கடந்து நிறுத்தத்தில் நின்றான். அவனுக்கு முன்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண்ணும் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டு நிமிடம் தாமதமாக வண்டி வந்து, நடைபாதை விளிம்பை உரசாமல் ஒட்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அவள். கருநீலச் சீருடை, தூக்கிக் கட்டிய முடி. குழந்தை வண்டி ஏறுவதற்காகப் படியைத் தாழ்த்திக் கொடுத்தாள். பிள்ளைகளிடம் ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், எந்தப் பயணியையும் பார்ப்பதுபோல. அவளை அவன் திரையில் பதினோரு மணி நேரம் பார்த்திருக்கிறான். அவளுக்கோ அவன் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும்.

ஏறப்போகிறீர்களா என்று கேட்பதுபோல அவள் புருவத்தை உயர்த்தினாள். அவன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். உள்ளே உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்குள்ளிருந்த வெதுவெதுப்பான காற்று திறந்த கதவு வழியாக வெளியேறி அவன் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கதவை மூடும் பொத்தானுக்கு மேலே கையை வைத்தபடி, அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.