ரிஷபத்துக்கு மூன்றாவது சொல்

அழகனுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்க ஒப்புக்கொண்டபோது, ஒரு புது வேட்டியும் வயிறு நிறையச் சாப்பாடும் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். வேட்டி கிடைத்தது. சாப்பாடு தாழ்போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துத் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்லதண்ணிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மணப்பெண் மீனம்மாவின் ஊர்க் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. இனி அவளை லிந்துலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு அழைத்து வர வேண்டும். அவள் வலது காலை எடுத்து வைத்து மாமியார் வீட்டுக்குள் போய் விளக்கேற்ற வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அந்த மாமியார் வீரம்மா.

வீரம்மா தன் அண்ணன் மகளைத்தான் அழகனுக்குக் கட்டி வைக்க நினைத்திருந்தாள். மகன் பிடிவாதம் பிடித்ததால் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். ஜாதகம் பார்க்கப் பிறந்த நேரம் கேட்டபோது, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று கைவிரித்துவிட்டாள். பெற்றவளுக்கா மறக்கும்? வேறு வழியில்லாமல் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள். 'அ'வில் தொடங்கும் பெயர் என்பதால் மாப்பிள்ளைக்கு மேஷ ராசி என்று பூசாரி சொன்னார். பெண் வீட்டாரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ராசியை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெண் வாசலுக்கு வரும்போது மாப்பிள்ளைக்கு அக்கா, தங்கை முறையாகிற ஒருத்தி உள்ளேயிருந்து கதவைத் தாழ்போட்டுக்கொள்வாள். மாப்பிள்ளையின் ராசியைச் சொல்லி, அதற்கு இணையான சொற்களை வைத்துப் பாடச் சொல்வாள். பெண் வீட்டார் பாட வேண்டும். ராசியின் பெயரோடு ஓசையில் அச்சாகப் பொருந்துகிற சொல் 'முழுசு'. அரைகுறையாகப் பொருந்துவது 'ஒட்டு'. ஒட்டு எத்தனை வேண்டுமானாலும் பாடலாம், கணக்கில் சேராது. மூன்று முழுசு சொன்னால் கதவு திறக்கும். சொல்லைக் கேட்பவளுக்கும் மூன்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேட்பது போக்கிரித்தனம்.

அழகனின் அக்கா அம்மாக்கண்ணுதான் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இதற்குப் பெயர்போனவள். அவள் மறித்த வாசலில் பெண் வீட்டார் வேர்த்துப்போய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கன்னி ராசிக்கு ஒரு மணப்பெண்ணின் சித்தி 'கண்ணி' என்று பாடப்போக, "அது வேற ணகரம் சித்தி, ஒட்டு" என்று உள்ளேயிருந்து அலட்டிக்கொள்ளாமல் சொன்னவள் அவள்.

அதனால் வாடகைக்குப் பிடித்த நூர்தீன் நானாவின் லொறியில் வரும்போதே பெண் வீட்டார் ஒத்திகை பார்த்தார்கள். மீனம்மாவின் அத்தை ராசம்மா தலைமை. நல்ல கனத்த குரல்.

"மாப்பிள்ள ராசி மேஷம் - எங்க
மனசுக்குள்ள சந்தோஷம்
மாமியாளுக்கு ரோஷம் - எங்க
மருமக வந்தா விசேஷம்!"

லொறியே குலுங்கியது. மேஷத்துக்கா பஞ்சம்? வேஷம், விசேஷம் என்று முழுசு ஒரு பக்கம். நேசம், தேசம், பாசம் என்று ஒட்டு ஒரு பக்கம். சிரிக்காதவள் மீனம்மா ஒருத்திதான். புதுப்பெண் விளக்கேற்றும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது முறை. ஆனால் ராசம்மா ஒவ்வொரு சொல்லாகப் பாடும்போது இந்தப் பெண்ணின் உதடு முன்கூட்டியே அசைவதை நான் கவனித்தேன். எனக்கு அப்போதே அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பக்கத்தில் என் நண்பன் அழகன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டமும் பஸ்களும் பாதையை அடைத்துக்கொண்டதால் நாங்கள் லிந்துலைக்கு வந்து சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. கையில் கடிகாரம் கட்டியிருந்த ஒரே ஆள் நூர்தீன் நானாதான். "ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரந்தான் இருக்கு. வெரசா உள்ள போங்க" என்று லொறியிலிருந்து இறங்கும் முன்பே சொன்னார்.

வீரம்மா இதற்காகவே காத்திருந்தவள்போல் முந்தின நாளே லயத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "ராகு காலத்துல என் படியத் தாண்ட விடமாட்டேன். நேரம் தப்பிச்சின்னா அது முடியிற வரைக்கும் இஸ்தோப்புலயே குந்தட்டும்." இஸ்தோப்பு என்றால் லயத்து வீட்டுக்கு முன்னால் உள்ள சிறு தாழ்வாரம். தாலி கட்டிய அன்று அங்கே உட்கார வைக்கப்பட்ட பெண்ணைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'வெளியில குந்துனவ' என்றுதான் பேசுவார்கள். எங்கள் சனத்தின் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தானே.

மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் நின்றார்கள். தூறல் வேறு தொடங்கிவிட்டது. நான் குடை பிடித்தேன். ராசம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டாள். உள்ளேயிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது.

"வாசல் வந்த சம்பந்தியாரே
வக்கணையாக் கேளுங்க
எந்தம்பி ராசி ரிஷபம் - அதுக்கு
இணையெடுத்துப் பாடுங்க!"

ராசம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"மேஷம்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

"அது பேரு ராசி அத்தை. பொறந்த ராசி ரிஷபம். பொறந்ததுதானே கணக்கு?"

நான் அழகனைத் திருப்பி, "ஏன்டா, ஒன்னோட ராசி என்னான்னு ஒனக்கே தெரியாதா?" என்று கேட்டேன். "அம்மா சொல்லலியே" என்றான். இவனை நம்பி ஒரு பெண் கழுத்தை நீட்டியிருக்கிறாள்.

ராசம்மா லேசுப்பட்டவள் இல்லை. சட்டென்று ஒன்று கட்டினாள்.

"மாப்பிள்ளைக்கு ரிஷபம் - எங்க
மக கையில தீபம்
வாசலில என்ன கோபம் - இதுல
யாருக்கென்ன லாபம்?"

கூட்டம் கைதட்டியது. உள்ளேயிருந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணும் ஒட்டு" என்று பதில் வந்தது. "ரிஷபம்னு எல்லாமே குறுகி நிக்குது. நீங்க தீ...பம், லா...பம்னு இழுக்குறீங்க. இழுத்தா ஒட்டுத்தானே அத்தை?"

நியாயந்தான். எனக்கு ஆத்திரமாக வந்தாலும் நியாயம் நியாயந்தானே. ராசம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் என் பங்குக்கு யோசித்தேன். பசித்த வயிற்றில் எனக்கு 'அப்பம்' ஒன்றுதான் வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து, கையை ஆட்டிக்கொண்டு பாடினாள்.

"நல்லதண்ணி மலையிறங்கி
நாங்க வந்தது சுலபமா?
நட்டநடு வாசலில
நிறுத்திவைக்கும் ரிஷபமா?"

சுலபம்! ஷபம், லபம், இழுவையே இல்லை. லயமே ஆர்ப்பரித்தது. "முழுசு ஒண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் கேட்டேன். அம்மாக்கண்ணு அப்படித்தான். எதிராளி நன்றாகப் பாடினால் அவளுக்கும் பிடிக்கும்.

அதற்குப் பிறகு ராசம்மாவுக்கு ஓடவில்லை. சொரூபம் என்றாள், ஒட்டு. பிரதாபம் என்றாள், ஒட்டு. நூர்தீன் நானா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இன்னம் கொஞ்சந்தான் தம்பி" என்று காதில் சொன்னார். அப்போது மீனம்மா குனிந்த தலை நிமிராமல், சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அத்தையின் மணிக்கட்டில் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். ராசம்மா கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கழுத்துநெறைய மாலையிருக்கு
கையிலிருக்கு களபம்
கதவத் தொறந்தா உள்ள வரும்
கட்டிப்போட்ட ரிஷபம்!"

களபம் என்றால் குழைத்த சந்தனம். எங்கள் கோயிலில் சாமிக்குச் சாத்தும்போது சொல்லுகிற சொல்தான். எல்லோரும் அழகனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் ஏனென்று தெரியாமல் சிரித்தான். நான் மட்டும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமலே ஒரு சொல்லைச் சொல்லத் தெரிந்தவளை அன்றுவரை நான் கண்டதில்லை.

"முழுசு ரெண்டு" என்றாள் அம்மாக்கண்ணு.

மூன்றாவது வரவேயில்லை. ராசம்மாவோடு வந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் ஒட்டு. ராசம்மாவின் குரல் கம்மிவிட்டது; கண்ணும் கலங்கிவிட்டது. அவள் மீனம்மாவின் பக்கம் திரும்பி, "என்னால முடியல தாயி" என்றாள். உள்ளேயிருந்து வீரம்மா சத்தம் போட்டாள். "போதும் போதும். நேரமாச்சு. ஒரு பாயக் குடுங்க, இஸ்தோப்புல குந்தட்டும்!" யாரோ சன்னல் வழியாகப் பாயை நீட்டினார்கள். அதை வாங்க வேண்டியவன் மாப்பிள்ளைத் தோழனாகிய நான். என் கை நீளவில்லை.

மீனம்மா தலை நிமிர்ந்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். விளக்கேற்றாத புதுப்பெண், மாமியார் வீட்டு வாசலில், ஊர் பார்க்க வாயைத் திறந்தாள். ராசம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"சுலபம் ஒண்ணு களபம் ரெண்டு
சொன்னதெங்க பங்கு
மூணாவதா சொல்லு ஒண்ணு
முடிஞ்சிருக்கா அங்கு?
இருந்தாக்கா எடுத்து வைங்க
இஸ்தோப்புல குந்துறேன்
இல்லையின்னா தாழ எடுங்க
ராகுவையும் முந்துறேன்!"

குரல் நடுங்கியது. பாட்டு நடுங்கவில்லை. அம்மாக்கண்ணுவிடம் அவளுடைய முறையையே திருப்பிக் கேட்க இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்றே நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இந்தப் பெண் நம்பவில்லை. அவளே தேடிப் பார்த்திருக்க வேண்டும். தனக்குக் கிடைக்காதது அடுத்தவளுக்கும் கிடைத்திருக்காது என்று எண்ணும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

லயத்துக் கதவு மெல்லிய பலகை. வீரம்மா அடித்தொண்டையில் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"வாய்க்கு வந்தத ஏதாச்சும் சொல்லுடி. அவளுக்கு என்னா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேம்மா" என்றாள் அம்மாக்கண்ணு.

தாழ் விலகியது. கதவு திறந்தது. அம்மாக்கண்ணு நிலையில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் மீனம்மாவையே பார்த்துச் சொன்னாள். "எங்கிட்டயும் ரெண்டுதான் இருந்திச்சி. அந்த ரெண்டையும் நீங்களே எடுத்துட்டீங்க. நான் தோத்துட்டேன், உள்ள வா." இத்தனை வருஷம் ஒரு வாசலிலும் தோற்காதவள், தோற்றேன் என்று எவ்வளவு அழகாகச் சொன்னாள்! ஜெயித்தவளைப் பாராட்டுவதா, தோற்றவளைப் பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய புலவர்களைக் கேட்டால் மூன்றாவது சொல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்களாயிருக்கும். கொடுக்கட்டும்.

"போங்க, போங்க, நேரமிருக்கு!" என்று நூர்தீன் நானா கத்தினார். மீனம்மா வலது காலை எடுத்து வைத்தாள். பின்னாலேயே அழகன் தலையை நிலையில் இடித்துக்கொண்டு போனான். அவள் குத்துவிளக்கின் முன் குனிந்து திரியைத் தூண்டி ஏற்றினாள்.

அடுப்படி ஓரத்தில் வீரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். புதுப்பெண் வாய் திறந்ததை இவள் லேசில் விடமாட்டாள் என்றுதான் நினைத்தோம். மீனம்மா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தாள்.

"பேரு பதிஞ்சி வேலைக்கு வந்ததும் கொழுந்து மலையில என் பக்கத்து நிரையில நீ நில்லு" என்றாள் வீரம்மா. "கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தன் பக்கத்து நிரையில், அதாவது அடுத்த தேயிலைச் செடி வரிசையில், அவள் பெற்ற மகளைக்கூட நிற்க விட்டதில்லை. வாயாடுகிறவள் பக்கத்தில் இருந்தால் கை ஓடாது என்பாள். அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிங்க அத்தை" என்றாள் மீனம்மா.

"ரிஷபத்தப் போடச் சொன்னதே நாந்தான். நீ வரப்போறன்னு தெரிஞ்ச நாள்லருந்து கொழுந்து ஆயிறப்பல்லாம் அந்த மூணாவதத் தேடுறேன், ஆப்பிடல." வீரம்மா மருமகளின் நனைந்த முக்காட்டை எடுத்து உதறி, மறுபடி அவள் தலையில் போட்டாள். "ரெண்டு பேராத் தேடுவோம்."