இடது மூலையில் ஒரு கட்டைவிரல்

கம்பெனி என்றால் ஒரு அக்கா, ஒரு தம்பி, கால் ஆடுகிற மேஜை ஒன்று. மோதியதோ மலையோடு. நாற்காலி, அலமாரி என்று எதைச் சொன்னாலும் படம் வரைந்து தரும் மென்பொருளை ஒரு பெரிய கம்பெனி யானை விலை குதிரை விலைக்கு விற்றது. அதே வேலையைச் செய்யும் ஒன்றை அக்கா ஊரறியக் கட்டினாள். அன்றன்று செய்ததை இணையத்தில் எழுதினாள். மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கத் தம்பி போனில் எடுத்த பல்லாயிரம் படங்களையும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தாள்.

அந்தப் படங்களில் ஒரு சனியன். எல்லாவற்றிலும் இடது மூலையில் தம்பியின் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மென்பொருளும் நல்ல பிள்ளையாக அதைக் கற்றுக்கொண்டது. கட்டிலை வரையச் சொன்னாலும் மூலையில் ஒரு விரல்.

“எருமை, ஒரு விரலை மடக்கத் தெரியாதா உனக்கு?”

“அது கலைஞனோட கையெழுத்துக்கா.”

பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. எங்கள் மென்பொருளைத் திருடிவிட்டார்கள், இழுத்து மூட வேண்டும் என்றது. தோற்றால் கடைக்குப் பூட்டு.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் தங்கள் புதுப் பதிப்பைத் திரையில் ஓடவிட்டு, நாற்காலி என்று தட்டினார். நாற்காலி வந்தது. இடது மூலையில் ஒரு கட்டைவிரல். பக்கத்துத் திரையில் அக்காவின் மென்பொருள். அங்கேயும் நாற்காலி, அங்கேயும் விரல்.

“பாருங்க ஐயா. எங்க புதுப் பதிப்புல ஒரு சின்னக் குறை இருக்கு. அதைக்கூட விட்டுவைக்காம காப்பி அடிச்சிருக்காங்க.”

அக்கா இரண்டு திரைகளையும் பார்த்தாள். இரண்டு விரலிலும் நகம் நடுவில் பிளந்திருந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எந்திரிடா. கையைக் காட்டு.”

தம்பி எழுந்து கட்டைவிரலை உயர்த்தினான். நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நகம் என்னாச்சுப்பா?”

“சின்ன வயசுல அக்கா கதவைச் சாத்திட்டா ஐயா.”

நீதிபதி வக்கீல் பக்கம் திரும்பினார். “இவர் விரல் உங்ககிட்ட எப்படி வந்தது?”

வக்கீல் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

“நாங்க பொதுவுல வச்ச படங்க ஐயா. அவங்க எடுத்துக்கிட்டது தப்பில்ல,” என்றாள் அக்கா. “ஆனா எங்க வீட்டு விரலை வச்சுக்கிட்டு எங்களையே திருடங்கன்னா எப்படி?”

வழக்கு தள்ளுபடி.

வாசலில் தம்பி போனை நீட்டி இருவரையும் படமெடுத்தான். அக்கா பிடுங்கிப் பார்த்தாள்.

“எங்கடா விரல்?”

“மடக்கிட்டேன். நீதானே சொன்ன?”

“இன்னிக்குப் பார்த்தா மடக்குவ? ஒழுங்கா இன்னொண்ணு எடு.”