செம்பருந்தின் முதுகு

அந்த அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். அத்தனையிலும் பெட்டி பிரிக்காத சூப்பர் ஹீரோ பொம்மைகள். உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் எல்லாம் இடுப்பில் கம்பி சுற்றப்பட்டு அட்டைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். வாங்கிய பொம்மையை ஒருநாள்கூடக் கையில் எடுக்காமல் ரசிக்கிறவர்களை இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அவர்கள் புண்ணியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது. பெட்டி பிரிக்கப்பட்டதா, உள்ளே இருப்பது அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். சேகரிப்பவர்கள் என்னை ‘சீல் அக்கா’ என்பார்கள்.

அன்றைக்கு என்னை அனுப்பியது அவர்களுடைய சங்கம். அண்ணன் தம்பிச் சண்டை முற்றிப்போய், கடைசியில் நான் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தம்பி அறைக்குள்ளேயே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி நடுவில் ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அண்ணன் வேலை விஷயமாகக் குடும்பத்தோடு வெளியூர் போய் அரை வருடம் இருந்துவிட்டு வந்தார். அதுவரை வீட்டுச் சாவி தம்பியிடம். திரும்பி வந்து பார்த்தால், அவர் உயிரையே வைத்திருந்த ‘செம்பருந்து’ பொம்மை நிறம் மாறி நிற்கிறது. தோளிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் அங்கி முன்பு நல்ல அடர் சிவப்பு. இப்போது ஆரஞ்சு. சந்தையில் உலவும் போலிச் செம்பருந்தின் அங்கியும் அதே ஆரஞ்சுதான்.

தம்பிக்கோ முதலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பிறகு கை உடைந்த, கால் கழன்ற பொம்மைகளைச் சரிசெய்யும் கடை வைத்தான். ஒரு பெட்டியைப் பிரித்துத் தடம் தெரியாமல் மூட அவனை விட்டால் ஆள் இல்லை. அண்ணனுக்கு அது போதாதா? ‘அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான், என் சொந்தத் தம்பி’ என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அதன் பிறகு அந்தக் கடையில் ஒருவரும் ஒரு பொம்மையைக்கூட நம்பி விட்டுப் போகவில்லை. இன்று நான் போலி என்று சொன்னால் கடைக்குப் பூட்டுதான்.

செம்பருந்துக்கு மட்டும் தனிக் கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள்ளேயே மேலே அதற்கென்று ஒரு சின்ன விளக்கு. அண்ணன் பெட்டியை வெளியே எடுத்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மேஜையில் வைத்தார். நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

முதலில் சீல். பூதக்கண்ணாடியில் விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன். எங்கேயும் தூக்கிய தடம் இல்லை. பிறகு நீல விளக்கை அடித்துப் பசையைப் பார்த்தேன். புதுப் பசை என்றால் பளிச்சென்று தெரியும். தெரியவில்லை. மடிப்புகளும் ஒழுங்காக இருந்தன.

“பிரிச்ச மாதிரி தெரியல” என்றேன்.

அண்ணி மூச்சை விட்டார். அண்ணன் அசையவில்லை.

“அவன் கைவேலை அப்படித்தான் மேடம் இருக்கும். உங்களுக்கே தெரியக்கூடாதுன்னுதானே செஞ்சிருப்பான்.”

எனக்குச் சுருக்கென்றது. தடம் இருந்தால் திருடன், இல்லாவிட்டால் கெட்டிக்காரத் திருடன். இப்படிப் பேசுகிறவரிடம் தம்பி எதைக் காட்டித்தான் தப்பிப்பான்? ஆனால் தொழில் என்று பார்த்தால் அவர் சொன்னதைத் தள்ளவும் முடியவில்லை. அவன் சரிசெய்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

“இந்த லைட்டு எப்பவும் எரியுமா?” என்று கேட்டேன்.

“வெளுத்திருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்க்கா” என்றான் தம்பி வாசலிலிருந்து. “காதுல வாங்கினாத்தானே.”

“வெளுக்கறதுக்கு இது என்ன தெருவுலயா கிடந்துச்சு?” அண்ணன் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். “இது வெயிலை உள்ள விடாத கண்ணாடி மேடம். தேடித் தேடி வாங்கினது.”

வெயிலை உள்ளே விடாத கண்ணாடிதான். ஆனால் விளக்கை அந்தக் கண்ணாடிக்கு உள்ளே அல்லவா வைத்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லவில்லை. விளக்கு செய்த வேலை என்று அடித்துச் சொல்ல என் கையில் என்ன இருக்கிறது?

“வெளுத்த அசலாவும் இருக்கலாம். போலியாவும் இருக்கலாம்” என்றேன். “முன்னால பார்த்து என்னால சொல்ல முடியாது. போலின்னா முதுகுப் பக்கமும் ஆரஞ்சாத்தான் இருக்கும். அசல்னா, அட்டையில ஒட்டியிருக்கற இடத்துல வெளிச்சமே பட்டிருக்காது. அங்க பழைய சிவப்பு அப்படியே இருக்கும்.”

“அதுக்கு?”

“பெட்டியைப் பிரிக்கணும்.”

அண்ணனின் இரண்டு கைகளும் தாமாகவே பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்தன. அவர் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. சீல் உடையாத செம்பருந்தை நானே இதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. பிரித்த மறுநிமிடம் அது நூற்றோடு நூற்றொன்று.

“வேற வழியே இல்லையா மேடம்?”

“இல்ல.”

“பிரிங்க” என்றான் தம்பி.

“உனக்கென்னடா, ஈசியா சொல்லிட்ட.”

“ஈசியாவா?” தம்பியின் குரல் உடைந்தது. “கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். தெருவுல எதிர்ல வர்றவன் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறான். உனக்கு அட்டை கிழியறதுதான் கஷ்டமா இருக்கா?”

அண்ணி எழுந்துவிட்டார். “என்னங்க, பிரிச்சுத் தொலைங்களேன்! ஒரு பொம்மை பெருசா, கூடப் பொறந்தவன் பெருசா?”

“நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது.”

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியோரம் வியர்த்துவிட்டது. எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் வந்த வேலை முடியவில்லையே என்று, பையிலிருந்த பிளேடை எடுத்து மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“சரி, விடுங்க. பிரிக்க வேணாம். நான் நம்பறேன்.” தம்பியைப் பார்த்து முதல் முறையாகப் பேசினார். “நான்தான் தப்பா நெனச்சுட்டேன்னு குரூப்புல எழுதிடறேன். போதுமா? இதோட முடிச்சுக்கலாம்.”

அண்ணி முகம் மலர்ந்தது. தம்பி முகம் மலரவில்லை. அவன் அண்ணனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவை இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தன.

“என்னை நம்பறியாண்ணா? இல்ல, பெட்டி கிழியக்கூடாதுன்னு நம்பறியா?”

அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டார். தம்பி அதைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

“டேய், நில்லு.”

அவன் நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டிவிட்டான். தெருக்கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டது.

அப்போதுதான் அண்ணன் அதைச் செய்தார். மேஜையில் இருந்த பிளேடைத் தொடவில்லை. நகத்தாலேயே சீலைக் கிழித்தார். மூடியைப் பிய்த்தார். பிளாஸ்டிக் ஜன்னல் படாரென்று விரிந்தது. நான் பதறி, “மெதுவா, மெதுவா” என்றேன். உள் அட்டையோடு செம்பருந்தை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். நானும் அண்ணியும் பின்னால் ஓடினோம்.

“இந்தா” என்று தம்பியின் கையில் திணித்தார். மூச்சு வாங்கியது. “நீயே வச்சுக்கோ. மேடம், நீங்க முதுகைப் பாக்க வேணாம். பாத்தாலும் எங்கிட்ட சொல்ல வேணாம்.”

தம்பி கையிலிருந்ததைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவன் அசடு இல்லை.

“அண்ணாவுக்கு வேணாம்னா வேணாம். எனக்கு வேணும்” என்று பொம்மையை என்னிடம் நீட்டினான். “நாளைக்கு நான் கடையைத் திறக்கணும். பாத்துச் சொல்லுங்கக்கா.”

இடுப்புக் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினேன். போலியாக இருந்துவிட்டால்? அவன் குணம் எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. பிடித்தவன் என்பதற்காகப் பொய் சொல்ல என்னால் முடியாது. கம்பி கழன்றது. பொம்மையை அட்டையிலிருந்து விலக்கி, மெல்லத் திருப்பினேன்.

முதுகு முழுக்க அடர் சிவப்பு. நேற்றுத் தொழிற்சாலையை விட்டு வந்தது போல் இருந்தது. ஓரங்களில் மட்டும், வெளிச்சம் எட்டிப் பார்த்த இடத்தில், ஆரஞ்சுக் கரை.

“அசல்” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. “யாரும் மாத்தல. முன்பக்கம் வெளுத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். சங்கத்துக்கு நானே எழுதித் தர்றேன்.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் அந்தச் சிவப்பையே வெறித்தார். பிறகு மெல்லத் திரும்பி, திறந்திருந்த அறைக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். காலிக் கூட்டுக்குள் அந்தச் சின்ன விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“ஊருக்குப் போறப்ப நான்தான் அதை எரிய விட்டுட்டுப் போனேன்” என்றார். “திருட்டுப் பயம். வெளியிலேர்ந்து பாத்தா வீட்டுல ஆள் இருக்கற மாதிரி தெரியட்டும்னு.”

அவர் தம்பியிடம் திரும்பினார். பழக்க தோஷம், குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீ அடிக்கடி வந்து வீட்டைப் பாத்துக்கிட்டேல்ல? ஒரு தடவைகூட அதை அணைக்கணும்னு தோணலையாடா உனக்கு?”

தம்பி செம்பருந்தை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

“தோணுச்சு. அணைக்கட்டுமான்னு போன்ல கேட்டேனே. ‘அந்த ரூம்ல எதையும் தொடாதே, ஸ்விட்சைக்கூடத் தொடாதே’ன்னு சொன்னே.” தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமலே அண்ணனைப் பார்த்தான். “நான் தொடலண்ணா.”