ஜன்னலில் கிடந்த ஒயர்

என் கணவர் போய் இரண்டு மாதம். அவர் குரல் இருப்பது அவருடைய பழைய போனில் மட்டும்தான். அதிலும் சார்ஜ் இல்லை. "எல்லாத்துக்கும் ஒரே பின் வந்தாச்சு, இந்தக் குப்பை எதுக்கு?" என்று பழைய சார்ஜர்களைத் தூக்கிப் போட்டவள் நானேதான்.

ஐந்து கடை ஏறி இறங்கினேன்.

"மியூசியத்துல கேளுங்கக்கா" என்றார் கடைசிக் கடைக்காரர்.

வீட்டிலும் உட்கார முடியவில்லை. காற்றுக்காக ஜன்னலருகே போனேன். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியிருந்தது அந்தப் பழைய போனின் சார்ஜர் ஒயர். அவர் அப்படித்தான், கயிறு தேடச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த ஒயரால் எதையும் கட்டிவிடுவார். எத்தனை முறை திட்டியிருப்பேன்!

முடிச்சில் நகத்தை வைத்தேன். அவர் போட்டது, அவிழ்க்க மனம் வரவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல்வரை இழுத்து, தொங்கிய முனைகளில் ஒன்றை அதிலும் மற்றதைப் போனிலும் அப்படியே செருகி, போனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.